அடிச்சிடும்மா

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று அந்தக் கம்பெனியில் எல்லோரும் நம்பினார்கள். மனுஷன் பொய் சொல்லுவான் என்பதிலும் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால்தான் கம்ப்யூட்டர் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் போனதும், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பெயர் பிலோமி. ராயபுரத்துக்காரி, டைப்பிஸ்ட்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த அந்த ரசாயனக் கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். எழுபத்தொன்பதாம் வருஷம் ஹார்பரில் வந்து இறங்கிய கம்ப்யூட்டருக்கு அங்கே ஏ.சி. போட்டுத் தனி அறை கட்டினார்கள். பாய்லர் பக்கத்தில் வேகிறவனுக்கு ஒரு மின்விசிறி கேட்டு யூனியன் கொடுத்த மனு அப்போதும் யாரோ ஒருவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. மிஷினுக்கு வியர்த்தால் கெட்டுப் போகுமாம். மனுஷனுக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்ளலாமாம்.

கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். பாய்லரின் நீராவி அழுத்தத்தைக் கம்பி வழியாகக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் அளவைத் தாண்டினால், கன்சோல் என்று சொல்லப்பட்ட டைப்ரைட்டரில் தானாகவே ஒரு எச்சரிக்கை வரி அடிக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அங்கே உட்கார்ந்திருக்கும் பிலோமி பாய்லர் ரூமுக்குப் போன் செய்ய வேண்டும். அதுவரைக்கும் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆட்களை, இனிமேல் மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வெளி யார்டுக்கு மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள்.

இதற்கான புரோகிராமை எழுதியவர் இன்ஜினியர் லோகநாதன். காலடிப்பேட்டையில் தனி ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒல்லியான மனிதர். அமெரிக்காவில் இருந்த மச்சான் அனுப்பிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, தானாகவே ஒரு புது கம்ப்யூட்டர் மொழியைப் படித்தார். அதற்குப் பெயர் சி. பிலோமியின் அண்ணன் கஸ்பார் அதே கம்பெனியில் பாய்லர் அட்டெண்டர், யூனியனில் குரல் உள்ள ஆள். அவன் ஒருநாள் லோகநாதனை வழியில் நிறுத்திக் கேட்டான்.

"இன்னா பாஷ சார் அது?"

"சி."

"சீயா? பேரு கரெக்டாத்தான் வச்சிக்கிறான்."

லோகநாதன் சிரிக்கவில்லை. அதை அவர் மனதில் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து ஆபீஸர் டைப் அடிக்க மாட்டார். அடித்தால் பியூன்கூட மதிக்க மாட்டான் என்று ஒரு நினைப்பு. ஆகவே லோகநாதன் புரோகிராமை வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதுவார். பிலோமி அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குள் அடிப்பாள். டைப்பிங்கில் இங்கிலீஷ் ஹையர் முதல் வகுப்பில் தேறியவள். அவளுக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. வேலை இன்னும் தற்காலிகம்தான். மிஷின் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் பர்மனென்ட் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் அவள் வீடு இருந்தது, ஏனென்றால் கஸ்பாரின் வேலை எந்த ஸ்ட்ரைக்கில் எப்போது போகும் என்று மாதாவுக்கே தெரியாது.

ஒத்திகை பார்த்தார்கள். புரோகிராம் ஓடியது, எச்சரிக்கை வரி வந்தது, புரோகிராம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலையில் நிஜமாகவே பாய்லரோடு இணைத்து நாள் முழுக்க ஓடவிட்டார்கள்.

அன்று பகலில் அழுத்தம் ஏறியது. கன்சோல் சும்மா இருந்தது. மறுபடி ஏறியது. அப்போதும் ஒரு எழுத்து வரவில்லை. பிலோமி வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் முறை பாய்லரின் சேஃப்டி வால்வு தானாகத் திறந்துகொண்டு, திருவொற்றியூர் வரைக்கும் கேட்கிற மாதிரி அலறியது. பக்கத்தில் ஏணிமேல் நின்று குழாய்க்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த வேம்பு அந்தச் சத்தத்தில் பதறிக் கீழே விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டான்.

அது போதாதென்று சாயந்திரம் இன்னொன்று நடந்தது. லோகநாதன் எரிச்சலோடு, "நிறுத்திடு, போதும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனார். பிலோமி புரோகிராமை நிறுத்தினாள். நிறுத்தின மறு நிமிஷம் கன்சோல் தடதடவென்று அடித்தது. பகலில் வர வேண்டிய மூன்று எச்சரிக்கைகளும், பகல் நேரத்தைத் தாங்கிக்கொண்டு, இடைவெளி இல்லாமல் ஒரே வரியில் வந்து நின்றன. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அவளே போய் லோகநாதனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதுதான் அவள் செய்த பெரிய பைத்தியக்காரத்தனம். அந்தக் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றிருந்தால் பாதிச் சந்தேகம் குறைந்திருக்கும்.

"இது எப்ப வந்தது?" என்றார் லோகநாதன்.

"இப்பத்தான் சார். நீங்க அந்தாண்ட போனீங்க, இது இந்தாண்ட வந்துச்சி."

"மத்தியானம் போட்ட நேரம் இருக்கு. இப்ப எப்படி வரும்?"

"அத்த மிசினக் கேளுங்க சார். நானா எய்தினேன்?"

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றும் ஒரே வரியில். ஒவ்வொரு எச்சரிக்கை முடிந்ததும் காகிதம் அடுத்த வரிக்கு நகர வேண்டும். அதற்கான குறியை அவர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எழுதியிருந்தார். காகிதம் நகரவில்லை என்றால் யாரோ ரோலரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கணக்கு அவருக்குச் சரியாக வந்தது. எழுதின தாள்களை எடுத்து மறுபடி மறுபடி படித்தார். ஒரு எழுத்துத் தப்பில்லை. தன் கையெழுத்தில் தன்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. நம்மில் யாருக்கு உறைத்திருக்கிறது?

விஷயம் செக்யூரிட்டி ஆபீஸர் கிருஷ்ணப்பன் கைக்குப் போனது. ராணுவத்தில் இருந்து வந்தவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், இவர் கண்ணுக்கு இருட்டே வேண்டாம், பட்டப்பகலிலும் பேய் தெரியும். பாய்லரில் யார்? கஸ்பார். யூனியனில் யார்? கஸ்பார். கன்சோலில் யார்? கஸ்பாரின் தங்கை. மிஷின் வேண்டாம் என்று கொடி பிடிக்கிறவன் தங்கையை மிஷின் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறோமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பனை மரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்லும் ஊர்.

விசாரணை முடியும் வரை பிலோமி வேலைக்கு வரலாம், ஆனால் கிருஷ்ணப்பன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"உண்மையைச் சொல்லிடு. ரோலரை யார் பிடிச்சது?"

"நா எதுக்கு சார் புடிக்கப் போறேன்? எனக்கு இன்னா வேற வேல இல்லியா?"

"அப்ப சாயந்திரம் வரைக்கும் மெசேஜை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"

"மடியில கட்டிகினு இருந்தேன். வந்து பாக்கறீங்களா?"

கிருஷ்ணப்பன் அதற்குப் பிறகு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பிலோமியும் சந்தேகத்தில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. காசிமேட்டில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை அழுத்திப் பார்ப்பாள், அதற்கும் மேல் மீன்காரியின் முகத்தைப் பார்ப்பாள். அந்தக் கண்ணோடு இப்போது லோகநாதனைப் பார்த்தாள். அவர் அடிக்கடி தாள்களை எடுத்து எடுத்து வைக்கிறார். யாரும் இல்லை என்று நினைத்துக் கன்சோலின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கிறார். எழுதினதில் தப்பு, அதை மறைக்க ஏதோ செய்கிறார், கடைசியில் பழியைத் தன் தலையில் கட்டப் போகிறார் என்று அவள் முடிவு செய்தாள். உண்மையில் அந்த மனிதர் அறுந்த கம்பி ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். இப்படி அவர் அவளைக் கவனிக்க, அவள் அவரைக் கவனிக்க, இரண்டு பேரையும் கிருஷ்ணப்பன் கவனிக்க, அந்தக் குளிர் அறையில் கம்ப்யூட்டரைக் கவனிக்க மட்டும் ஆள் இல்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? அன்று இரவு சாப்பாட்டுத் தட்டு முன்னால் கஸ்பார் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இன்னாமே, மெய்யாவே நீதான் பண்ணியா?"

"நீயுமா அண்ணாத்தே?"

"தப்புன்னு சொல்லலமே. அந்த மிசினு எத்தினி பேரு வவுத்துல அடிச்சிருக்குது. நீ பண்ணியிருந்தா சொல்லு. சங்கத்துல பேசி உன்ன தோள்ல தூக்கிகினு போறேன்."

அவன் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. தங்கை செய்திருக்கக் கூடாது என்பதைவிடச் செய்திருக்க வேண்டும் என்றே அவன் வேண்டிக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வேம்பு தோள்பட்ட ஒட்ஞ்சி ஆஸ்பத்திரில கீறான். அவன் பொஞ்சாதி சொக்கம்மா என்னப் பாத்து மூஞ்ச திருப்பிகினு போறா. அத்த நா பண்ணன்னு சொல்லி நீ எனக்கு மால போடுவியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். வெளியே குழாயடியில் நின்று அழுதாள். வேலை போனாலும் போகட்டும். ஒருத்தன் தோள்பட்டையை உடைத்தவள் என்கிற பேரோடு இந்த ஊரில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது, எந்தக் கோயிலில் போய் மண்டி போடுவது என்பதுதான் அவள் அழுகை.

விசாரணை நடந்தது. ஜெனரல் மேனேஜர் பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. கிருஷ்ணப்பன் தன் ராணுவ இங்கிலீஷில் மொழிபெயர்ப்பார். யூனியன் சார்பில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான். லோகநாதன் தன் தாள்களை மேஜைமேல் வைத்தார்.

"நான் எழுதினது இதுதான். ஒரு எழுத்துக் குறை கிடையாது. இது ஓடியே ஆகணும்."

கிருஷ்ணப்பன் பிலோமி பக்கம் திரும்பினார். "நீ இதில் எதையாவது விட்டியா?"

"ஒரு எழுத்து உடல சார். அவரு அடிக்கச் சொன்னத மட்டும் அடிச்சிட்டேன்."

"எதை அடிக்கச் சொன்னார்?"

"என்னைத்தான் சார் அடிக்கச் சொன்னாரு."

அவ்வளவுதான். கஸ்பார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இன்னாது? என் தங்கச்சிய அடிக்கச் சொன்னியா? ஆள் வச்சி அடிப்பியா நீ?" என்று சட்டைக் கையை மடக்கினான். லோகநாதன் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார். ஜெனரல் மேனேஜர் என்ன, என்ன என்று கேட்க, கிருஷ்ணப்பன், "இவளை பீட் செய்யும்படி அவர் சொன்னாராம்" என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டார்.

"அய்யோ, குந்து அண்ணாத்தே!" என்று பிலோமி கத்தினாள். "என்னை இல்ல, என்னு. இங்கிலீசு என்னு. எழுத்து."

கிருஷ்ணப்பன் யோசித்து, பீட் என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டு வேறு சொல் தேடினார். எழுத்தை அடிப்பதற்கு இங்கிலீஷில் ஸ்ட்ரைக் என்று சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. "லோகநாதன் இவளை ஸ்ட்ரைக் செய்யச் சொன்னாராம் சார்" என்றார். ஜெனரல் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நாள் தனக்கு ஸலாம் வைத்துக்கொண்டிருந்த இன்ஜினியரை மேலும் கீழும் பார்த்தார். கஸ்பாரும் ஒரு புது மரியாதையோடு பார்த்தான்.

லோகநாதனுக்கு வியர்த்தது. "நான் எந்த என்னை அடிக்கச் சொன்னேன்? சரியாச் சொல்லும்மா."

பிலோமி தாளை இழுத்து விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு சாய்கோடும் ஒரு சின்ன என்னும் இருக்க வேண்டும்; அடுத்த வரிக்குப் போ என்று அந்த மொழியில் அதற்கு அர்த்தம். லோகநாதன் அவசரக்காரர். அவருடைய சாய்கோடு எழுத்துக்கு முன்னால் நிற்காமல், ஏறி அதன் வயிற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அப்படித்தான்.

"இத்தப் பாருங்க. கோடு இஸ்து அடிச்சி வச்சிக்கிறீங்க. எனக்கே டவுட்டு வந்துச்சி. அத்தொட்டு உங்களாண்ட வந்து கேட்டேன். 'சார், கோடு போட்ட என்னு கீதே, இன்னா பண்றது'ன்னேன். நீங்க போன்ல பேசிகினே 'அடிச்சிடும்மா'ன்னீங்க."

"ஆமாம், சொன்னேன். அடிச்சிடச் சொன்னேன்."

"நானும் அடிச்சிட்டேன்."

"அடிச்சிருந்தா வந்திருக்கணுமே!"

"அடிச்சது எப்டி சார் வரும்? எங்க இன்ஸ்டிட்யூட்ல பரீட்சைக்குக் குடுக்கற பேப்பர்லயே கோடு போட்டு அடிச்சி அடிச்சிதான் குடுப்பாங்க. அடிச்சத அடிச்சா மார்க்கு போயிடும். மாஸ்டரு ஸ்கேலால கை மேலயே அடிப்பாரு."

லோகநாதன் மேஜையைச் சுற்றி வந்து, தாளை அவள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தார். அவர் கண்ணுக்கும் அது இப்போது அடித்த எழுத்தாகத்தான் தெரிந்தது. டைப் அடி என்று அவர் சொன்னார், கோடு போட்டதைத் தள்ளிவிடு என்று அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அந்த ஒரு சொல்லில் துளி சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் சந்தேகப்படாமல் இருந்துவிட்டார்கள்.

ஆனாலும் அவருக்கு ஒன்று விளங்கவில்லை. அந்தக் குறி இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வரியில் வரும், சரி. வராமலே ஏன் இருந்தது? எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிலோமியை உட்காரவைத்து, அந்தக் குறியை எப்படி அடிப்பது என்று முதல் முறையாகச் சொல்லிக்கொடுத்தார். குறி இல்லாமல் ஒரு வரி அடித்து ஓடவிட்டாள். கன்சோல் ஊமையாக இருந்தது. எல்லோரும் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். புரோகிராமை நிறுத்தியதும் வரி வந்தது. குறியோடு அடித்து ஓடவிட்டாள். டக்கென்று, கையை எடுப்பதற்குள், வரி வந்து விழுந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மிஷின் ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டுபோய் அடிப்பதில்லை. எழுத்துகளை உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிறது. கண்டக்டர் விசில் அடித்தால்தானே பஸ் நகரும். அந்தக் குறிதான் விசில். விசில் இல்லாவிட்டால் பஸ் நிரம்பும் வரைக்கும் அல்லது டிப்போ மூடும் வரைக்கும் ஸ்டாண்டிலேயே நிற்கும். ஒத்திகையில் புரோகிராம் உடனே முடிந்ததால் எல்லாம் உடனே வெளியே வந்துவிட்டது. பாய்லரோடு இணைத்த அன்று எச்சரிக்கை வரிகள் மூன்றும் உள்ளேயே உட்கார்ந்திருந்தன. யாரும் ஒளிக்கவில்லை, யாரும் ரோலரைப் பிடிக்கவில்லை.

"அப்ப எந் தங்கச்சி பண்ணல?" என்றான் கஸ்பார். அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பம்பாய் ஆபீஸுக்கு விபத்து ரிப்போர்ட் போக வேண்டும், ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். ஆபீஸர் பெயரைப் போட்டால் யூனியன் தலைமேல் ஏறி ஆடும் என்று ஜெனரல் மேனேஜர் பயந்தார். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். டைப்பிஸ்ட் தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று மன்னிப்புக் கடிதம் கொடுக்கட்டும். வேலை போகாது, பர்மனென்ட் ஆர்டர்கூட வரும். கொடுக்காவிட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து வெளியே. கடிதத்துக்கு நகல் எழுதிக் கொடுக்கும் வேலை லோகநாதனுக்கு வந்தது.

அவர் எழுதிக்கொண்டுவந்து பிலோமியின் முன்னால் வைத்தார். கிருஷ்ணப்பன் பின்னால் நாற்காலியில் இருந்தார். பிலோமி படித்தாள். என் கவனக்குறைவால் எச்சரிக்கை வரவில்லை, அதனால் தொழிலாளி வேம்பு காயப்பட்டார், இனி இவ்வாறு நடக்காது. அவளுக்கு முகம் சிவந்தது. நான் நினைத்தது சரிதான், இந்த ஆள் கடைசியில் என் தலையில்தான் கட்டினார் என்று உள்ளே கொதித்தது.

"இத்த நா அடிக்கணுமா சார்?"

டைப் பண்ணு என்று லோகநாதன் சொல்லியிருக்கலாம். எழுதிக் கையெழுத்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்குச் சொல்லுக்கா பஞ்சம்? கிருஷ்ணப்பனை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னார்.

"அடிச்சிடும்மா."

பிலோமி மீன்காரியைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. அவள் மேஜையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

"அடிச்சிட்டேன் சார்."

கிருஷ்ணப்பன் எழுந்தே விட்டார். லோகநாதன் தாளை எடுத்தார். கோட்டுக்குக் கீழே, பிழை என் கையெழுத்தில், சொன்ன சொல்லும் என்னுடையது, டைப்பிஸ்ட் கேட்டுவிட்டுத்தான் செய்தார் என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அப்படியே மேனேஜர் அறைப் பக்கம் நடந்தார்.

பிலோமி பின்னாலேயே போனாள். வழியில் கிழித்துப் போட்டுவிட்டு வருவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அவர் தாளை மேஜையில் வைத்தார். ஜெனரல் மேனேஜர் படித்தார், கத்தினார், மேஜையைத் தட்டினார். லோகநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொன்ன ஒரே வாக்கியம் கதவைத் தாண்டிக் கேட்டது: அவளை அனுப்பினால் நானும் போகிறேன், மிஷினை நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள். ஜெனரல் மேனேஜர் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சி தெரிந்த வேறு ஆளுக்கு அவர் எங்கே போவார்? தாளை டிராயரில் போட்டு மூடினார்.

லோகநாதன் வெளியே வந்தபோது பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆர்டர் வந்துடும். போய் வேலையைப் பாரு."

"ஆர்டரு கெடக்கட்டும் சார். வேம்பு நாந்தான் பண்ணன்னு நெனச்சிகினு கீறான். நீங்க வந்து அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"சாயந்திரம் போகலாம்."

"சாயந்திரம் நீங்க மறந்துடுவீங்க."

அப்படியே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேம்பு தோளில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். சொக்கம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் பிலோமியைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். லோகநாதன் கட்டில் பக்கத்தில் நின்று, தப்பு தன்னுடையது என்று சொன்னார். ஆபீஸர் ஒருவர் தன் முன்னால் நின்றுகொண்டு இப்படிப் பேசி வேம்பு பார்த்ததில்லை. எழுந்து உட்காரப் பார்த்தான், வலித்தது.

"உடு சார், ஆவறது ஆயிப்போச்சி," என்றான். பிறகு கேட்டான்: "இனிமேட்டும் அந்த மிசினுதானே சார் பாய்லரப் பாத்துக்கும்? நாங்க அத்த நம்பி ஏணில ஏறலாமா?"

லோகநாதன் எல்லா வரிகளையும் திருத்திவிட்டிருந்தார். ஆனால் வேறெங்கே எது விசில் இல்லாமல் நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிலோமிதான் சொன்னாள். "அத்த நம்பாத. நா நம்பல. பக்கத்துலயே குந்திகினு, அது வாயத் தொறக்கலன்னாலும் நானே மணிக்கொரு தபா அண்ணாத்தக்குப் போன் போட்டு முள்ளு எங்க கீதுன்னு கேக்கறேன். நீ தெகிரியமா ஏறு."

சொக்கம்மாள் கிண்ணத்தை எடுத்து மறுபடி கஞ்சி ஊட்ட ஆரம்பித்தாள். பிறகு காலால் ஒரு ஸ்டூலை பிலோமி பக்கம் தள்ளிவிட்டு, உட்காரச் சொன்னாள்.